சேலத்தில் மைக்செட் தொழில். முதல் டிஜிட்டல் மிக்ஸராக பெரிங்கர் எக்ஸ்32 காம்பேக்ட், ஆலன் அண்ட் ஹீத் எஸ்க்யூ-5, யமஹா டிஎஃப்1 இவற்றில் எதை வாங்கலாம்?

24 சேனல் அனலாக் மிக்ஸரும் மேடை வயர்களை ஒரே தடித்த கேபிளாக மிக்ஸருக்குக் கொண்டுவரும் ஒரு மல்டிகோரும் வைத்து இத்தனை நாள் ஓட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். எஸ்க்யூ-5இல் 48 சேனல் என்று போட்டிருப்பதால் மூன்றில் அதுதான் பெரியதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

48ஐ முதலில் மறந்துவிடுங்கள். கடைக்குப் போனால் மிக்ஸரைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். மூன்றிலும் மைக் குத்த இருப்பது 16 இடம்தான். 48 என்பது உள்ளே இருக்கும் பிராசஸர் ஒரே நேரத்தில் எத்தனை சேனலைக் கவனித்துக்கொள்ளும் என்ற கணக்கு. எக்ஸ்32 காம்பேக்ட்டில் அது 40. மண்டபத்தில் ஆயிரம் பேர் உட்காரலாம். பந்தியில் எத்தனை இலை போடலாம் என்பது வேறு கதை.

ஒரு ஆர்க்கெஸ்ட்ராவை எடுத்துக்கொள்வோம். டிரம்ஸுக்கு 6, ரிதம் பேடுக்கு 2, தபேலாவுக்கு 2, டோலக் 1, இரண்டு கீபோர்டும் ஸ்டீரியோ என்றால் 4, கிட்டார், பேஸ், புல்லாங்குழல் ஆளுக்கொன்று, பாடுகிறவர்கள் 4, அறிவிப்பாளர் 1. மொத்தம் 23. உங்கள் மல்டிகோரில் வரும் வயர்களில் ஏழு குத்த இடமில்லாமல் தொங்கும். ஆகவே மேடையிலேயே மைக்குகளைக் குத்தி ஒரே கேபிளில் மிக்ஸருக்கு அனுப்பும் ஸ்டேஜ் பாக்ஸ் வாங்காமல் மூன்றுமே உங்களுக்குப் பாதி மிக்ஸர்தான். விலை விசாரிக்கும்போது அதையும் சேர்த்தே கேளுங்கள்.

எக்ஸ்32 காம்பேக்ட்டில் ஸ்டேஜ் பாக்ஸைச் சேர்க்க ஏஇஎஸ்50 என்ற போர்ட் இரண்டு இருக்கிறது. 16 இன்புட், 8 அவுட்புட் உள்ள எஸ்16 பெட்டியை ஒரே நெட்வொர்க் கேபிளில் நேராகச் செருகலாம். கேபிள் மட்டும் ஷீல்டு உள்ளதாக இருக்க வேண்டும், சாதாரண இன்டர்நெட் கேபிளை இழுத்துவிட்டு மேடையில் கிர்ரென்றது என்று புலம்பக்கூடாது. எஸ்க்யூவிலும் அதே வேலைக்கு எஸ்லிங்க் போர்ட் கூடவே வருகிறது. ஏபி168 அல்லது டிஎக்ஸ்168 பெட்டியைச் சேர்க்கலாம். டிஎஃப்1இல்தான் ஒரு இடறல்: டியோ1608 பெட்டியைச் சேர்க்க மிக்ஸருக்குள் நெட்வொர்க் கேபிளில் ஒலியை அனுப்பும் டான்டே கார்டு ஒன்று தனியாக வாங்கிப் போட வேண்டும். விலைப் பட்டியலில் அது கண்ணில் படாது, பில் போடும்போதுதான் தெரியும்.

அடுத்தது ஃபேடர், சத்தத்தை ஏற்றி இறக்கத் தள்ளும் கட்டை. மூன்றிலும் 17 மோட்டார் ஃபேடர்கள். ஆனால் அடுக்கிய விதம் வேறு. எஸ்க்யூ-5, டிஎஃப்1 இரண்டிலும் 16 சேனல் ஒரே வரிசையில் கைக்குக் கிடைக்கும். எக்ஸ்32 காம்பேக்ட்டில் இடப்பக்கம் 8 இன்புட், வலப்பக்கம் 8 குரூப், கடைசியில் மெயின். அனலாக்கிலிருந்து வருகிறவருக்கு இது கொஞ்ச நாள் தலை சுற்றும்.

எனக்கும் சுற்றியது. தாரமங்கலம் பக்கம் ஒரு ரிசப்ஷன். பாடுகிற பெண் மைக்கோடு ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்துவிட்டார், விசில் கிளம்பியது. பழைய பழக்கத்தில் கை தானாக மூன்றாவது ஃபேடருக்குப் போய் இழுத்தது. விசில் அப்படியே இருக்கிறது, தபேலா காணாமல் போய்விட்டது! நான் வேறு லேயரில் இருந்திருக்கிறேன், அதாவது அதே ஃபேடர்களுக்கு வேறு சேனல்கள் வந்து நிற்கிற பக்கத்தில். தபேலாக்காரர் வாசிப்பதை நிறுத்தாமலே என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து பாடகர்கள் எல்லாரையும் ஒரு டிசிஏவில், அதாவது பல சேனலை ஒரே ஃபேடரில் ஏற்றி இறக்கும் குரூப்பில் கட்டி, எந்த லேயருக்குப் போனாலும் அந்த ஒரு ஃபேடர் கண்முன்னே நிற்கிற மாதிரி வைத்துக்கொள்கிறேன். காம்பேக்ட்டின் வலப்பக்கத்து எட்டு ஃபேடர் இதற்குத்தான் லாயக்கு. அந்த விதத்தில் குறை என்று சொன்னதே கொஞ்சம் நிறையாகவும் ஆகிறது.

டச் ஸ்கிரீன் விஷயத்தில் என் கருத்தைச் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். கோடையில் ஏற்காட்டில் ஒரு புல்வெளிக் கல்யாணம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போய் இறக்கினோம். சாயங்காலம் பனிமூட்டம் இறங்கியது. மிக்ஸர் மேல் பொடிப்பொடியாக நீர். பாஸ், டிரெபிள் சரிசெய்யும் ஈக்யூவைத் தொட்டால் பக்கத்துப் பட்டன் திறக்கிறது, துடைத்தால் துடைத்ததையே தொட்டதாக எடுத்துக்கொள்கிறது. “அண்ணே, துண்டு போதாது, குடை பிடிக்கவா?” என்று பையன் கேட்டான். கடைசியில் குடையும் பிடித்தோம். எக்ஸ்32இல் இருப்பது தொடுதிரை இல்லை. கெயின், ஈக்யூ, கம்ப்ரஸர் எல்லாவற்றுக்கும் திருகும் குமிழ் இருக்கிறது. எஸ்க்யூவில் தொடுதிரையும் உண்டு, குமிழ்களும் உண்டு. டிஎஃப்1இல் பெரும்பாலான வேலை திரையில்தான். மண்டபத்துக்குள்ளேயே வேலை செய்கிறவருக்கு அது வசதி, மலைக்கும் மைதானத்துக்கும் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஒலியை நொடிக்கு எத்தனை தடவை அளக்கிறது என்ற கணக்கில் எஸ்க்யூ 96 கிலோஹெர்ட்ஸ், மற்ற இரண்டும் 48. நல்ல ஸ்பீக்கரில், நல்ல ஹாலில் கேட்டால் பேசலாம். கோயில் குழாய் ஸ்பீக்கரில் போடப்போகிறவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

கரண்ட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ஆடி மாதம், சேலம் குகைப் பகுதியில், அலங்கரித்த வண்டிகள் ஊர்வலமாக வரும் வண்டி வேடிக்கை பார்க்க ரோடு நிறையக் கூட்டம். ஜெனரேட்டர் மாற்றும்போது ஒரு நொடி போய் வந்தது. அனலாக்காக இருந்தால் டப்பென்று சத்தம் வந்து அடுத்த நொடியே பேசியிருக்கும். டிஜிட்டல் மிக்ஸர் என்பது கம்ப்யூட்டர், அது எழுந்து முகம் கழுவி வரும் வரை மைக்கில் யார் கத்தினாலும் கேட்காது. கமிட்டிக்காரர் நடந்து என்னிடம் வருவதற்கும் லைட் எரிவதற்கும் சரியாக இருந்தது. மறுநாளே சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கினேன். இந்த மிக்ஸர்கள் இழுக்கும் கரண்ட் அதிகமில்லை, கம்ப்யூட்டர் கடையில் விற்பதே தாங்கும். ஸ்டேஜ் பாக்ஸுக்கும் ஒன்று வையுங்கள், அதை மறந்துவிட்டால் பாதி வேலைதான். அப்புறம் வேலை இல்லாத நேரம் மேலே ஒரு துணி போடுங்கள். விபூதியும் பந்தல் மண்ணும் மோட்டார் ஃபேடருக்குள் இறங்கினால் லேயர் மாற்றும்போது நடுங்க ஆரம்பிக்கும்.

மைடாஸ் எம்32 மிக்ஸர் பற்றி ஒரு வரி: எக்ஸ்32இன் உறவுக்காரன்தான், மைக் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் ப்ரீஆம்பும் ஃபேடரும் உயர்தரம், விலையும் அப்படியே.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் காம்பேக்ட்டும் ஒரு எஸ்16உம் எடுப்பேன். அந்தப் பெட்டி பின்னால் எம்32 வாங்கினாலும் பெரிங்கர் விங் மிக்ஸர் வாங்கினாலும் அப்படியே வேலை செய்யும், போட்ட காசு வீணாகாது. கையில் தாராளமாக இருந்தால் எஸ்க்யூ-5, ஃபேடர் வரிசைக்காகவே. மல்டிகோரை விற்றுவிடாதீர்கள். நாதஸ்வரம், தவில் என்றால் எட்டு மைக்கில் முடிந்துவிடும், அதற்குப் போய் ஸ்டேஜ் பாக்ஸை எல்லாம் வண்டியிலிருந்து இறக்க வேண்டியதில்லை.