பேராயர் தேடும் குழுவில் என்னையும் போட்டுவிட்டார்கள்

கேள்வி: பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள் நான். இப்போது அமெரிக்காவில், ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எபிஸ்கோப்பல் சபையில் இருக்கிறேன். எங்கள் பேராயர் ஓய்வுபெறப் போவதாக அறிவித்துவிட்டார். அடுத்தவரைத் தேடும் குழுவில் என் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். நம் ஊர் முறைதான் எனக்குத் தெரியும். இங்கே எப்படி நடக்கும், எங்கே சிக்கல் வரும்? இன்னொன்று: வேறு திருமண்டலத்தில் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் தொகுதி) குருவாக இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து, "என்னையும் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க" என்கிறார். அவருக்கு என்ன சொல்ல?

பதில்: அன்புள்ள சகோதரி, நம் ஊரில் திருமண்டலப் பெருமன்றம் பெயர்ப்பட்டியலைத் தேர்ந்து அனுப்பும், அதிலிருந்து ஒருவரை நியமிப்பது சி.எஸ்.ஐ.யின் உச்ச மன்றமான சினாடு. உங்கள் சபையில் அப்படி மேலிருந்து நியமிக்க ஆள் கிடையாது. குருமாரும் சபைப் பிரதிநிதிகளும் கூடும் திருமண்டல மாநாடே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும். ஆனால் நாட்டின் மற்றத் திருமண்டலங்களில் பெரும்பான்மை ஒப்புக்கொண்டால்தான் அபிஷேகம் (பேராயராக்கும் சடங்கு) நடக்கும். எல்லாரும் வாக்கெடுப்பு நாளைப் பற்றியே பேசுவார்கள். காரியம் கெட்ட இடங்களைப் பார்த்தால், விதிகளையும் காகிதங்களையும் யாரோ சரியாகக் கவனிக்காமல் விட்டது தெரியும்.

பேராயர் 72 வயதுக்குள் விலகியாக வேண்டும் என்பதால் பெரும்பாலும் முன்கூட்டியே தேதி தெரிந்துவிடுகிறது. அறிவிப்பிலிருந்து அபிஷேகம்வரை ஓராண்டுக்கு மேல் ஆவது வழக்கம். முழுப் பொறுப்பும் நிலைக்குழுவினுடையது (பேராயருக்கு ஆலோசனை சொல்ல ஒவ்வொரு திருமண்டலமும் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் குழு). உங்கள் குழுவின் வேலை பெயர்களைத் தேடிச் சலித்து அவர்களிடம் ஒப்படைப்பதோடு சரி.

முதல் வேலை திருமண்டலத்தைப் பற்றிய விவரக் கையேடு. சபைதோறும் கூட்டம் போட்டுக் கேட்டு, கணக்குகளைச் சேர்த்து எழுதுவார்கள். இதில் எத்தனை சபைகள் சொந்தமாக ஒரு குருவை வைத்துக்கொள்ள முடியாமல் இருக்கின்றன, பட்ஜெட்டில் எவ்வளவு துண்டு விழுகிறது, நிலுவையில் என்ன வழக்கு என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். மலையும் ஏரியும் படமாகப் போட்டு அழகுபடுத்தும் ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும். சபைகள் ஆண்டுதோறும் அனுப்பும் அறிக்கைகளை விண்ணப்பிக்கிறவர்கள் படிக்காமல் வரமாட்டார்கள். மறைத்தது நேர்காணலில் வெளியானால் நல்லவர்கள்தான் முதலில் விலகுவார்கள்.

அடுத்து விண்ணப்பங்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள், மதிப்பெண் தாளை அன்றைக்கே நிரப்புங்கள். விண்ணப்பித்தவர் பெயர் கொடுத்தவர்களிடம் மட்டும் விசாரித்தால் புகழ்ச்சிதான் கிடைக்கும். அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அவருடைய பழைய சபையின் பொருளாளரிடமும் பேசுங்கள். பணம், பாலியல் முறைகேடு, குற்றவழக்கு தொடர்பான பின்னணிச் சோதனை பெயர்களை வெளியிடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பல திருமண்டலங்களில் உறுப்பினர்கள் கையெழுத்துத் திரட்டி வேறு பெயரை முன்மொழியவும் இடமுண்டு. அப்படி வருகிறவருக்கும் அதே சோதனை செய்ய வேண்டும் என்பதால், அதற்குச் சில வாரங்களைக் காலஅட்டவணையில் ஒதுக்கிவிடுங்கள்.

இறுதிப் பட்டியலில் மூன்று முதல் ஐந்து பெயர் இருந்தால் நல்லது. ஒரே பெயர் போட்டால் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள் என்ற பேச்சு எழும். 2009இல் வடக்கு மிச்சிகன் திருமண்டலம் ஒரே பெயரை முன்வைத்துத் தேர்ந்தெடுத்தது. நாடளவில் ஒப்புதல் கிடைக்கவில்லை. தேர்வானவருடைய இறையியலும் வழிபாட்டு மாற்றங்களும் அதற்கு முக்கியக் காரணம் என்றாலும், ஒற்றைப் பெயரும் விமர்சிக்கப்பட்டது.

வாக்கெடுப்பில் குருமார் தனி, சபைப் பிரதிநிதிகள் தனி. ஒரே சுற்றில் இரு தரப்பிலும் ஒரே நபர் பெரும்பான்மை பெற வேண்டும். 80 குருமாரும் 150 பிரதிநிதிகளும் வாக்களித்தால் 41, 76 தேவை. ஒருவருக்கு 43, 74 கிடைத்தால் தேர்தல் இல்லை, மறுபடி சுற்று. டென்னசியில் மூன்றில் இரண்டு பங்கு விதி இருந்ததால் 2006 மார்ச்சில் தொடங்கிய தேர்தல் அக்டோபரில்தான் முடிந்தது. உங்கள் விதி என்ன என்பதை இப்போதே எடுத்துப் படியுங்கள். வந்திருப்பவர்களில் பெரும்பான்மையா, பதிவான வாக்கிலா, கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) எவ்வளவு, இணையவழி வாக்கு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஃபுளோரிடாவில் 2022 மே மாதத் தேர்தல் சிக்கியது இந்த இடத்தில்தான். குருமார் கோரம் குறைந்தது, கடைசி நேரத்தில் இணையவழியில் சேர்த்தது பற்றி ஆட்சேபம் எழுந்து, தேர்வானவர் விலகினார். நவம்பரில் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். அதற்கும் ஆட்சேபம், 2023இல் ஒப்புதல் கிடைக்காமல் போயிற்று.

ஆட்சேபிக்க விரும்பும் பிரதிநிதிகள் கடைசிச் சுற்றில் வாக்களித்தவர்களில் பத்து சதவீதமாவது சேர்ந்து, தேர்தல் முடிந்த பத்து நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆகவே வருகைப் பதிவேடு, ஒவ்வொரு சுற்றின் கணக்கு, விதியை மாற்றிய தீர்மானம் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். தேர்வானவருக்கான சான்றிதழில் மாநாட்டின் பெரும்பான்மையினர் கையெழுத்திட வேண்டும். முடிவு வந்ததும் கைதட்டிவிட்டு எல்லாரும் காருக்கு ஓடுவார்கள்; வாசலில் மேசை போட்டு, கையெழுத்து வாங்கிய பிறகே அனுப்புங்கள்.

பிறகு தேர்வானவரின் உடல்நல, மனநலப் பரிசோதனைச் சான்றுகளும் சேர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட திருமண்டலங்களின் ஒப்புதலுக்குப் போகும். 120 நாளுக்குள் நிலைக்குழுக்களில் பெரும்பான்மையும், திருமண்டலப் பொறுப்பில் உள்ள பேராயர்களில் பெரும்பான்மையும் 'சரி' சொல்ல வேண்டும். பதில் அனுப்பாதது 'இல்லை' என்றே ஆகும். தென் கரோலினாவில் 2006இல் தேர்வானவருக்கு எண்ணிக்கையளவில் ஒப்புதல் வந்தும், சில நிலைக்குழுக்களின் தாள்கள் உரிய படிவத்தில், உரிய கையெழுத்துகளுடன் இல்லாததால் 2007 மார்ச்சில் அந்தத் தேர்தலே செல்லாமல் போயிற்று. ஆகஸ்டில் மறுபடி அவரையே தேர்ந்தெடுத்து ஒப்புதல் வாங்கினார்கள். உங்கள் நிலைக்குழுவில் ஒருவர் இதற்கென்றே இருந்து, வந்த தாள்களைச் சரிபார்த்து, வராதவர்களுக்கு இரண்டாம் மாதமே நினைவூட்ட வேண்டும்.

இனி உங்கள் ஊர்க்காரர். வேறு திருமண்டலத்துக் குரு விண்ணப்பிப்பதில் தடை ஒன்றும் இல்லை. அப்படித்தான் பலர் வருகிறார்கள். நம் ஊரில் பேராயர் தேர்தல் என்றால் அணி சேர்ப்பதும் போன் போடுவதும் சகஜம் என்பதால் அவர் தப்பாக நினைக்காமல் கேட்டிருப்பார். அவரிடம், "ஐயா, நான் குழுவில் இருப்பதால் இதைப் பற்றிப் பேசக்கூடாது. விண்ணப்பப் படிவம் திருமண்டல இணையதளத்தில் இருக்கும், கடைசித் தேதிக்குள் நீங்களே அனுப்பிவிடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். வேறு யார் விண்ணப்பித்தார்கள் என்று கேட்டால் வாய் திறக்காதீர்கள். வீட்டுக்காரரிடமும் சொல்ல வேண்டாம். விண்ணப்பித்த குருமார் பலருடைய சபைகளுக்கு இன்னும் விஷயம் தெரிந்திருக்காது, கசிந்தால் அங்கே அவர்கள் நிலைமை சங்கடமாகிவிடும். அந்த போன் வந்ததைக் குழுத் தலைவருக்கு இந்த வாரமே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். அவர் விண்ணப்பித்தால், அவரைப் பற்றிய விவாதத்திலும் மதிப்பெண்ணிலும் கலந்துகொள்ளாமல் வெளியே இருங்கள்.