பழைய டிஜிட்டல் கைக்கடிகாரத்தை மலிவாக வாங்கி மீண்டும் இயக்க முடியுமா?

1980களின் காசியோ டிஜிட்டல் கைக்கடிகாரம் ஒன்று ‘ஓடவில்லை’ என்ற குறிப்போடு மலிவாகக் கிடைப்பதாகவும், அதை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். திரை நலமாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். மை கசிந்தது போன்ற கருந்திட்டு திரையில் தெரிந்தால் விட்டுவிடுங்கள். அது கண்ணாடிக்குள் இருக்கும் திரவப் படிகத்தின் பழுது, வீட்டில் சரிசெய்ய இயலாது. மாறாக, எண்களில் சில கோடுகள் மட்டும் விடுபட்டால், திரையையும் சுற்றுப்பலகையையும் இணைக்கும் ரப்பர் பட்டையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் மெல்லத் துடைத்தாலே பெரும்பாலும் போதும்.

வாங்குமுன் பின்மூடியின் படத்தைக் கேளுங்கள். அதில் கட்டத்துக்குள் பொறித்த எண்ணே மாட்யூல் எண், அதாவது உள்ளிருக்கும் இயக்கப் பகுதியின் அடையாள எண். எந்த பேட்டரி என்பதை அதை வைத்துத் தேடி அறியலாம். 1989இல் வந்த எஃப்-91டபிள்யூ மாடலுக்கு 3 வோல்ட் சிஆர்2016 பேட்டரி பொருந்தும். வேறு சில பழைய மாடல்களுக்கோ 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு பேட்டரி வேண்டும்.

மூடியைத் திறக்கும்போது, ஒலி எழுப்பும் தகட்டைத் தொடும் நுண்ணிய ஸ்பிரிங் துள்ளி விழக்கூடும் என்பதால் வெள்ளைத் துணியின் மேல் வைத்துத் திறப்பது நல்லது. புது பேட்டரி இட்டும் திரை உயிர்பெறாவிட்டால் பதற வேண்டாம்: ‘ஏசி’ (AC) எனக் குறித்த தொடுமுனையையும் பேட்டரியின் நேர்முனையையும் உலோக இடுக்கியால் சுமார் 2 விநாடிகள் இணைத்தால் சுற்று மீட்டமைந்து எண்கள் தோன்றும். பலர் இதைச் செய்யாமலேயே கடிகாரம் செத்துவிட்டதாக எண்ணி விற்றுவிடுகிறார்கள். நீர் புகாமல் தடுக்கும் பின்மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினாலும், இவ்வளவு பழைய கடிகாரத்தோடு நீரில் இறங்காதீர்கள்.