இந்திய பாஸ்போர்ட்டோடு அயர்லாந்தில் கவுன்சிலர் ஆகலாமா?

கேள்வி: டப்ளினில் வேலை பார்க்கிறேன், இந்தியக் குடியுரிமைதான். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியுமா? ஜெயித்தால் எம்.பி. வரை போகலாமா?

பதில்: நிற்கலாம். அயர்லாந்தில் கவுன்சிலர் ஆகக் குடியுரிமை கேட்பதில்லை. 18 வயதும் அங்கே குடியிருப்பும் போதும். ஓட்டும் உண்டு, முதலில் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேருங்கள். நைஜீரியாவிலிருந்து அடைக்கலம் தேடி 2000இல் வந்த ரோட்டிமி அடெபாரி, 2004இல் போர்ட்லீஷ் நகரசபைக்குத் தேர்வாகி 2007இல் மேயரே ஆனார். சுயேச்சை என்றால் 15 வாக்காளர்களின் கையெழுத்து அல்லது 100 யூரோ டெபாசிட். கவுன்சிலருக்குச் சம்பளம் உண்டு என்பதால், உங்கள் வேலை அனுமதி அதற்கு இடம் தருமா என்று குடிவரவுத் துறையிடம் எழுத்திலேயே கேட்டுவிடுங்கள்.

எம்.பி. கதை வேறு. அங்கே கீழவைக்கு டால் என்று பெயர். அதற்கு நிற்க ஐரிஷ் குடியுரிமையும் 21 வயதும் வேண்டும். குடியுரிமைக்கு ஐந்தாண்டு வசிப்புக் கணக்கு. வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியதுதான். வீட்டில் கலந்து பேசாமல் இதில் இறங்காதீர்கள்.

பாதை எப்படிப் போகும் என்பதற்கு மும்பை மருத்துவரின் மகன் லியோ வராத்கர் நல்ல உதாரணம். 1999 உள்ளாட்சித் தேர்தலில், மருத்துவ மாணவராக நின்று தோற்றார். 2003இல் ஃபிங்கல் கவுன்சிலில் காலியான இடத்துக்கு ஃபைன் கேல் கட்சி அவரை நியமித்தது. அங்கே உள்ளாட்சியில் இடைத்தேர்தல் கிடையாது, காலியிடத்தை ஜெயித்த கட்சியே நிரப்பிக்கொள்ளும். கட்சியில் உழைக்கும் புதுமுகத்துக்கு இதைவிடச் சுலபமான வாசல் இல்லை. 2004இல் அவரே நின்று ஜெயித்தார், 2007இல் டப்ளின் மேற்குத் தொகுதியிலிருந்து டாலுக்குப் போனார், 2017இல் பிரதமர். டாலுக்குப் போனதுமே கவுன்சில் பதவி போய்விடும். 2004 முதல் இரண்டையும் ஒருவரே வைத்திருக்க முடியாது.

ஆனாலும் தொகுதி வேலை விடாது. வாரம்தோறும் 'கிளினிக்' நடத்தி, வீட்டு ஒதுக்கீடு, தெருவிளக்கு என்று குறை கேட்பதில் தேசியத் தலைவர்களும் கவுன்சிலர் மாதிரிதான்.

இன்னொன்று: ஓட்டுச் சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுவார்கள். வீடுவீடாகப் போகும்போது, "என் முதல் ஓட்டு வேறொருவருக்கு" என்பவரிடம் மனம் சோர்ந்து திரும்பாதீர்கள். இரண்டாம் விருப்பத்தைக் கேளுங்கள். ஒரு தொகுதிக்கே பல கவுன்சிலர்கள் உண்டு. முதல் விருப்பம் பெற்றவர் போட்டியிலிருந்து விலகினால், அந்த ஓட்டு அடுத்த விருப்பத்துக்கு மாறும். கடைசி இடங்கள் பெரும்பாலும் இப்படி மாறும் ஓட்டுகளில்தான் முடிவாகும். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2029இல். கதவு தட்ட இப்போதே ஆரம்பிக்கலாம்.