ஹோகனுக்காக அழலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. சின்ன வயதில் அண்ணனோடு சேர்ந்து ரெஸ்லிங் பார்க்க ஆரம்பித்தேன், இன்றுவரை விடவில்லை. என் மகளும் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்தாள். பிரே வயட் கையில் ராந்தலோடு வரும்போது நாங்கள் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, அரங்கில் இருப்பவர்களைப் போலவே செல்போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடிப்போம். 2023இல் அவர் இறந்தபோது இருவருமே அழுதோம். 2025 ஜூலையில் ஹல்க் ஹோகன் இறந்தார். அழுதது நான் மட்டும்தான். "அந்த ஆளுக்காப்பா அழறீங்க? கறுப்பர்களைப் பத்தி அவர் பேசினது தெரியாதா?" என்றாள் மகள், இப்போது அவளுக்கு 19 வயது. நான் கத்திவிட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு சரியில்லை. "எல்லாமே நடிப்பு. இதுக்குப் போய் அப்பனும் பொண்ணும் சண்டையா?" என்கிறாள் மனைவி. வேறொன்றும் மனதை அரிக்கிறது. இத்தனை பேர் இளம் வயதில் சாகிறார்களே, அவர்கள் மண்டையில் நாற்காலி அடி விழுந்தபோது கைதட்டியவன் நான். எனக்கும் அதில் பங்கு உண்டா?
— பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் மனைவிக்குப் பதில் சொல்வது சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள், சரி. ஆனால் விழுகிற முதுகெலும்புக்கு அந்தப் பேச்சு தெரியாது.

இருந்தாலும் 'நடிப்பு' என்ற சொல்லை நான் அப்படியே தள்ளிவிட மாட்டேன். உங்கள் துக்கம் இவ்வளவு கோணலாக இருப்பதற்குக் காரணமே அதுதான். சினிமா நடிகர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தால், "படத்திலா, நிஜத்திலா?" என்று யாரும் கேட்பதில்லை. ரெஸ்லிங் ரசிகன் கேட்பான். கதையை நிஜம்போலவே கடைசிவரை காப்பாற்றுவதற்கு அந்தத் தொழிலில் 'கேஃபேப்' என்று பெயர். பல வருடம் பார்த்த ரசிகனுக்கு அது ரத்தத்தில் ஊறிவிடும். ஸ்ட்ரெச்சர் வந்தால் சிரிப்பான், ஆம்புலன்ஸ் வந்தால் "அடுத்த வாரம் திரும்பி வருவான்" என்பான்.

1999 மே 23 அன்று கன்சாஸ் சிட்டியின் கெம்பர் அரங்கில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஓவன் ஹார்ட் என்ற வீரருக்கு அன்று 'புளூ பிளேஸர்' வேடம். அது ஒரு கோமாளி சூப்பர் ஹீரோ. கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி, ரிங்குக்கு மேலே தடுமாறி, தொப்பென்று விழுந்து சிரிப்பு மூட்ட வேண்டும் என்பதுதான் திட்டம். அதற்காகவே சட்டென்று கழன்றுகொள்ளும் கொக்கி ஒன்றை மாட்டியிருந்தார்கள். அது மேலேயே கழன்றுவிட்டது. ஏறக்குறைய 78 அடி உயரம். அவருக்கு வயது 34. தொலைக்காட்சியில் அந்த நேரம் முன்பே பதிவு செய்த காட்சி ஓடிக்கொண்டிருந்ததால் வீட்டில் இருந்தவர்கள் விழுந்ததைப் பார்க்கவில்லை. அரங்கில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஆனால் பொம்மையைத்தான் தூக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். இது நிகழ்ச்சியின் பகுதி இல்லை என்று வர்ணனையாளர் ஜிம் ராஸ் தொலைக்காட்சியில் மன்றாடாத குறையாகச் சொன்னார். பிறகு இறந்துவிட்டார் என்பதையும் அவர்தான் சொன்னார். அரங்கில் இருந்தவர்களுக்கு எந்த அறிவிப்பும் இல்லை. நிகழ்ச்சி தொடர்ந்து நடந்தது, அவர்களும் தொடர்ந்து கைதட்டினார்கள். அன்றிரவு வீடு திரும்பும் வழியில் செய்தி தெரிந்துகொண்ட ஒருவருக்கு எப்படி இருந்திருக்கும்? இறந்தவருக்காக மட்டும் அவர் அழுதிருக்க மாட்டார், தான் சிரித்த சிரிப்புக்கும் சேர்த்துத்தான் அழுதிருப்பார்.

கடிதத்தில் நீங்கள் 'பங்கு' என்று சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன், ஆனால் மகளோடு வந்த சண்டை அவசரம்.

2007 ஜூன் 11 அன்று, WWE என்ற ரெஸ்லிங் நிறுவனத்தின் நிகழ்ச்சியில், அதன் முதலாளி வின்ஸ் மக்மஹோன் ஏறிய லிமோசின் கார் வெடித்துச் சிதறுவதாகக் காட்டினார்கள். அவர் 'செத்துவிட்டார்'. இரண்டு வாரம் கழித்து, ஜூன் 25 அன்று, டெக்சஸ் மாநிலத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டியில் அந்தப் பொய்ச் சாவுக்கு அஞ்சலி நடக்க வேண்டியது. அன்றைக்குத்தான் அந்த நிறுவனத்தின் வீரர் கிறிஸ் பென்வா, அவர் மனைவி நான்சி, ஏழு வயது மகன் டேனியல் மூவரும் வீட்டில் இறந்து கிடப்பது தெரிய வந்தது. மக்மஹோன் ஆளில்லாத அரங்கின் நடுவே நின்று கதையைக் கலைத்தார். மூன்று மணி நேரமும் பென்வாவுக்கு அஞ்சலி. நண்பர்கள் கலங்கிக் கலங்கிப் பேசினார்கள். அந்த அஞ்சலியைப் பார்த்து நானும் கண் கலங்கியவன்தான். நிகழ்ச்சி முடிவதற்குள்ளேயே உண்மை கசிந்துவிட்டது: மனைவியையும் பிள்ளையையும் கொன்றது பென்வாவே. அடுத்த நாள் மக்மஹோன் திரையில் வந்து, இனி இந்த நிகழ்ச்சியில் அந்தப் பெயர் வராது என்றார். பல நாள் அந்த அழுகையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. திருப்பி வாங்கிக்கொள்ளவும் முடியாது.

ஹோகனை நான் பென்வாவோடு சேர்க்கவில்லை. குற்றத்தின் எடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் அன்று எனக்குப் புரிந்தது உங்களுக்கும் உதவும். அஞ்சலி என்பது ஊரறியக் கொடுக்கும் சான்றிதழ். அழுகை அப்படியல்ல, அது யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. சான்றிதழ் கொடுக்காதீர்கள் என்று மகள் சொன்னது அழாதீர்கள் என்று உங்கள் காதில் விழுந்திருக்கிறது. நீங்கள் அழுததை, சான்றிதழ் கொடுக்கிறீர்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அவள் சொன்னதில் தப்பும் இல்லை. இனவெறிப் பேச்சுப் பதிவு வெளியானதும் 2015இல் நிறுவனமே ஹோகனோடு இருந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. மூன்று வருடம் கழித்துத் திரும்பச் சேர்த்துக்கொண்டாலும், 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் அரங்கில் அவர் தலை தெரிந்ததும் கூட்டம் விடாமல் கூச்சலிட்டு எதிர்த்தது. ஒரு காலத்தில் இந்தத் தொழிலின் முகமே அவர். ஆறே மாதத்தில், ஜூலை 24 அன்று, 71 வயதில் போய்விட்டார். உங்கள் மகளின் கட்சிக்கு நான் வேறொரு சாட்சியையும் தருகிறேன். 1986இல் ரெசில்மேனியா 2 என்ற பெரிய நிகழ்ச்சியின் சமயத்தில் ஜெஸ்ஸி வென்ச்சுரா சக வீரர்களைச் சங்கம் சேர்க்கப் பார்த்தார். அதை முதலாளியிடம் போட்டுக்கொடுத்தது ஹோகன்தான் என்று பின்னால் ஒரு வழக்கு விசாரணையில் மக்மஹோன் வாயாலேயே தெரிந்துகொண்டதாக வென்ச்சுரா பலமுறை சொல்லியிருக்கிறார். சங்கம் வரவே இல்லை. வீரர்கள் ஊழியர்கள் அல்ல, தனி ஒப்பந்தக்காரர்கள் என்பதுதான் அந்த நிறுவனத்தின் கணக்கு.

இப்போது உங்கள் 'பங்கு'. எடி கெரேரோ 2005 நவம்பரில் ஹோட்டல் அறையில் இறந்தபோது 38 வயது. பிரிட்டிஷ் புல்டாக் என்ற பெயரில் ஆடியவருக்கு 39. உங்கள் பிரே வயட்டுக்கு 36. இவர்களைச் சாய்த்தது இதயம். அந்த இதயங்களுக்குப் பின்னால் வெவ்வேறு கதைகள் உண்டு. சிலருக்கு வலி மாத்திரையும் ஸ்டீராய்டும், வயட்டுக்குக் கொரோனா கெடுத்துவிட்டுப் போன நோய். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி உங்கள் கைதட்டலின் தலையில் ஏற்றாதீர்கள். மண்டைக்கு விழுந்த அடி வேறு விஷயம். பென்வாவின் மூளையைப் பரிசோதித்த மருத்துவர்கள், 85 வயது அல்சைமர் நோயாளியின் மூளைபோல இருந்தது என்றார்கள். அதற்குப் பிறகுதான், 2010இல், தலையில் நாற்காலியால் அடிப்பது அங்கே தடை செய்யப்பட்டது. அந்த அடிக்கு நாம் எல்லோரும் கைதட்டினோம், உண்மை. கைதட்டல் நின்றிருந்தால் அடியும் முன்பே நின்றிருக்கும், அதுவும் உண்மைதான். பங்கு உண்டா என்று கேட்டால், உண்டு, சின்னதாக. அதைக் கழுவ வழி தேடுவதைவிட, இன்றைக்கு யாராவது கழுத்தைப் பணயம் வைத்துக் குதிக்கும்போது கை தானாகக் கொஞ்சம் தயங்கட்டும், போதும்.

குற்ற உணர்ச்சிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: பாரம் தாங்காதபோது இறக்கி வைக்க வேறொரு முதுகைத் தேடும். 2009 ஜூனில் ஹிரோஷிமாவில் மிட்சுஹாரு மிசாவா என்ற வீரர் ரிங்கில் நினைவிழந்து விழுந்து இறந்தார், வயது 46. பழியை எதிரில் நின்ற அகிடோஷி சைட்டோமேல் போடுவது சுலபம். ஆனால் அவர் போட்டது பின்னாலிருந்து தூக்கி முதுகடிபட வீசும் சாதாரண பேக்டிராப், மிசாவா வாழ்நாளில் கணக்கில்லாமல் வாங்கியது. வருடக்கணக்காகத் தேய்ந்துபோன கழுத்து அன்று தாங்கவில்லை. 2015இல் டிஹுவானாவில் பெர்ரோ அகுவாயோ ஜூனியர் இறந்தபோது எதிராளி ரே மிஸ்டீரியோவைக் கொலைகாரன் என்று எழுதியவர்களும் ரசிகர்களே. ரசிகனின் பங்கு எப்போது பெரிதாகிறது என்று கேட்டால், நான் அங்கேதான் விரல் காட்டுவேன். 2020இல் ஹனா கிமுரா என்ற 22 வயது ஜப்பானியப் பெண், ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சியில் கோபப்பட்டதற்காக முகம் தெரியாதவர்கள் கொட்டிய வசவுக்கு நடுவே உயிரை விட்டாள். அதுவும் மே 23. அதற்குப் பிறகுதான், 2022இல், ஜப்பான் அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனையை ஓராண்டுச் சிறைவரை உயர்த்தியது. ஒப்பிட்டுப் பார்த்தால் உங்கள் கைதட்டல் எவ்வளவோ தேவலை.

மனைவியிடம் சொல்ல ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. வயட் போன மறுவருடம் அவருடைய சொந்தத் தம்பி போ டல்லஸ், அண்ணன் விட்டுப்போன கதையின் முகமூடியை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். ஒரு காட்சியில் முகமூடி அணிந்த உருவமும் முகமூடி இல்லாத தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். இருவரும் அவரே. இழப்பைப் பற்றித்தான் பேச்சு. எழுதிக் கொடுத்த வசனமாகவே இருக்கட்டும். கூடப் பிறந்தவனுக்கே அழுவதற்கு அந்த நடிப்பு தேவைப்பட்டிருக்கிறது.

மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். "கத்தினது தப்பு, நீ சொன்னது சரி, ஆனா எனக்கு அழுகை வந்துச்சு", இவ்வளவு போதும். அவள் கேட்டால் மட்டும், 1987இன் ரெசில்மேனியா 3இல் ஹோகன் ஆந்த்ரே த ஜயன்ட்டைத் தூக்கிப் போடும் காட்சியைச் சேர்ந்து பாருங்கள். நாம் சின்ன வயதில் தூக்கியவரை மட்டும்தான் பார்த்தோம். இந்த முறை ஆந்த்ரேயைப் பாருங்கள். முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட மனிதர், நிற்பதே வலி, இன்னொருவன் நட்சத்திரம் ஆவதற்காக உடம்பைத் தூக்கக் கொடுக்கிறார். ஆறு வருடத்தில், 46 வயதில், பாரிசில் இறந்துபோனார். அவருக்காக அழுதால் மகள் ஆட்சேபிக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

கடைசியாக நான் ஒன்று கேட்கிறேன். கடிதத்தின் இரண்டாவது வரியில் வருகிற அண்ணன் அப்புறம் எங்கேயும் வரவில்லை. ஹோகன் செய்தி வந்த அன்று அவருக்கு ஃபோன் செய்தீர்களா?