ஃபைபர் படகின் டேஷ்போர்டில் ஜெல்கோட் பெயராமல் வெட்டுவது

ஜிபிஎஸ் திரைக்காக ஜிக்சாவால் (பிளேடு மேலும் கீழும் ஓடும் மின்ரம்பம்) வெட்டியபோது விளிம்பில் ஜெல்கோட் (ஃபைபரின் மேலுள்ள வழவழப்பான பூச்சு) சில்லு சில்லாகப் பெயர்ந்ததாகவும், அடுத்து விஎச்எஃப் ரேடியோ கருவிக்கு வெட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். சாதாரண ஜிக்சா பிளேடு மேலே ஏறும்போதுதான் வெட்டும். அப்போது மேற்பரப்பிலுள்ள ஜெல்கோட்டை அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லாததால் அது தெறிக்கிறது. எனவே, பற்கள் கீழ்நோக்கி அமைந்த பிளேடை வாங்குங்கள். அது இயந்திரத்தை மேலே உதைக்கும் என்பதால் நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும்.

வெட்டுமுன் பின்புறம் கைவிட்டு ஸ்டியரிங் கேபிளும் ஒயர்களும் எங்கே ஓடுகின்றன என்று தடவிப் பாருங்கள். இதைச் செய்யாமல் நான் ஒருமுறை விளக்கு ஒயரை அறுத்திருக்கிறேன். பிறகு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் கருவியோடு வந்த அளவுத்தாளைப் பதித்து, மூலைகளை ஹோல்சாவால் (டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பம்) துளையுங்கள். ஜெல்கோட் அறுபடும் வரை டிரில்லைப் பின்னோக்கிச் சுழற்றி, அதன்பின் முன்னோக்கிச் சுழற்றினால் விளிம்பு சுத்தமாக வரும். கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே வெட்டி, மீதியை அரத்தால், வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ளி மட்டுமே ராவுங்கள். உள்ளே பிளைவுட் தெரிந்தால் எபாக்ஸி பூசாமல் கருவியைப் பொருத்தாதீர்கள். கண்ணாடி இழைத் தூசு பொல்லாதது, முகக்கவசம் அவசியம்.