படகில் ஆபத்து: இந்த மாதக் கேள்விகள்

கேள்வி: போன வருஷமே காலாவதியான ஃபிளேர்களை (ஆபத்தில் கொளுத்திக் காட்டும் தீச்சுடர்) வைத்துக்கொள்ளலாமா? – ஈசூன்

புதிது வாங்குங்கள். கைஃபிளேர் ஒரு நிமிடம்தான் எரியும்; அது எரியாமல் ஏமாற்றும் நேரமா அது? கப்பலோ விமானமோ கண்ணில் பட்ட பிறகே கொளுத்துங்கள். காற்று போகும் பக்கமாகக் கையை வெளியே நீட்டிப் பிடியுங்கள், பொறி படகுக்குள் விழாது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதானே?

கேள்வி: செயின்ட் ஜான்ஸ் தீவு வரைதான் போகிறோம். கைபேசி இருக்கும்போது விஎச்எஃப் (படகு ரேடியோ) எதற்கு? – பிடோக்

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. சிங்கப்பூரின் தெற்குத் தீவுகள் பக்கம் கைபேசி இந்தோனேசியாவின் பாத்தாம் சிக்னலுக்குத் தாவிவிடலாம். உபின் தீவுப் பக்கம் மலேசியாவின் ஜொகூர் சிக்னலுக்கு. அவசர எண் மலேசியாவிலும் 999தான். எடுப்பவர் எந்தக் கரையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பதற்றத்தில் கேட்கவா போகிறீர்கள்? சரியான இடத்துக்கே போனாலும் ஒரே ஒருவர்தான் கேட்பார். விஎச்எஃபில் அவசர அழைப்புக்கான சேனல் 16இல் கூப்பிட்டால் அரை மைல் தள்ளிப் போகிற இழுவைப்படகுக்கும் கேட்கும், முதலில் வந்து சேர்வதும் அதுவாகவே இருக்கலாம். சின்னப் படகுக்கு 5 வாட் கைக்கருவியே போதும். நேர்க்கோட்டில்தான் அலை போகும், அதனால் நின்றுகொண்டு உயர்த்திப் பிடியுங்கள். "மேடே" என்ற ஆபத்து அழைப்பு மூன்று தடவை, படகின் பெயர் மூன்று தடவை, உடனே இருக்கும் இடம். பேட்டரி பாதியில் செத்தாலும் இடம் போய்ச் சேர்ந்திருக்கும். அப்புறம் என்ன ஆபத்து, எத்தனை பேர். பேசி முடித்ததும் பொத்தானை விடுங்கள். பலர் அழுத்திக்கொண்டே இருந்து, பதிலே வரவில்லை என்று புலம்புகிறார்கள்.

கேள்வி: எந்தத் தீயணைப்பான் நல்லது? – உட்லண்ட்ஸ்

பெட்ரோலா டீசலா, எஞ்சின் உள்ளேயா வெளியேயா, ஒன்றும் எழுதவில்லை. நான் என்ன ஜோசியரா? உள்ளே பெட்ரோல் எஞ்சின் என்றால், ஸ்டார்ட் செய்யும் முன் புளோயரை (எஞ்சின் அறை ஆவியை வெளியே தள்ளும் விசிறி) 5 நிமிடம் ஓட்டி, பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று மோந்து பாருங்கள். புகை வந்தால் எஞ்சின் அறை மூடியை அகலத் திறக்காதீர்கள், காற்று பட்டுத் தீ பாயும். மிச்சத்தை விவரத்தோடு எழுதினால் சொல்கிறேன்.

கேள்வி: நடுவழியில் எஞ்சின் சூடாகி அலாரம் அடித்தது. காரணம்? – பொங்கோல்

பெரும்பாலும் தண்ணீர் உறிஞ்சும் வாயில் ஒட்டிய பிளாஸ்டிக் பை. இல்லையென்றால் தேய்ந்த இம்பெல்லர் (குளிர்நீர் பம்புக்குள் சுழலும் சக்கரம்). வருஷம் ஒன்று மாற்றுங்கள், கூடுதலாக ஒன்று படகிலேயே இருக்கட்டும். எஞ்சினை நிறுத்தியதும் எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட். கப்பல் போகும் தடத்துக்குள் இழுபடுவதற்கு முன்பே நங்கூரம். கயிறு ஆழத்தைப்போல் 5 மடங்காவது வேண்டும்.

கேள்வி: சுமத்ரா சூறைக்காற்று எப்போது வரும்? – கிளமெண்டி

ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும். மேற்கே வானம் கறுத்தால் மீன் கடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் தூண்டிலைச் சுருட்டுங்கள்.

கேள்வி: காற்றடைக்கும் லைஃப் ஜாக்கெட்டைச் சோதிப்பது எப்படி? – தெம்பனிஸ்

சிலிண்டரைக் கழற்றி அடுக்களைத் தராசில் வையுங்கள். அதில் பொறித்துள்ள எடைக்குக் குறைந்தால் வாயு கசிந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். சோதித்த ஜாக்கெட்டைப் பெட்டிக்குள் பூட்டாமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள்.