நட்சத்திரத்தோடு ஒட்டிவரும் ஒப்பந்தம்: எத்தனை ஆண்டு என்று பாருங்கள்

NBA கூடைப்பந்தில் ஒரு நட்சத்திர வீரரை வாங்க, அவரோடு சேர்த்துத் தரப்படும் இன்னொருவரின் மோசமான ஒப்பந்தத்தையும் சுமக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டு மீதமிருந்தால் ஏற்காதீர்கள். கடைசி ஆண்டென்றால் தயங்க வேண்டாம். இதில் தொகையைவிட ஆண்டுகள்தான் முக்கியம்.

இருவரின் இந்த ஆண்டுச் சம்பளத்தை மட்டும் ஒப்பிடுவதால்தான் குழம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். பிராட்லி பீலைப் பாருங்கள். 2022இல் வாஷிங்டன் அணி அவருக்கு 5 ஆண்டுக்கு 25.1 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. அவர் சம்மதிக்காமல் வேறு அணிக்கு மாற்றக் கூடாது என்ற உரிமையும் சேர்த்து. 2023இல் ஃபீனிக்ஸ் அவரை வாங்கியபோது அந்த உரிமையும் கூடவே வந்தது. 2025இல் பணம் கொடுத்துத்தான் விடுவிக்க முடிந்தது. அந்தத் தொகை இன்னும் பல பருவங்களுக்கு அணியின் கணக்கில் நிற்கும். அந்த அணியின் ரசிகருக்கு எவ்வளவு வலித்திருக்கும்!

ஒரு தாளில் அடுத்த மூன்று பருவங்களுக்கான அணியின் மொத்தச் சம்பளத்தை எழுதுங்கள். 2023 விதிகளில் ‘இரண்டாம் ஏப்ரன்’ (second apron) என்று அணியின் மொத்தச் சம்பளத்துக்கு ஓர் உயர் வரம்பு உண்டு; அதைத் தாண்டினால், பல வீரர்களைக் கொடுத்து, அவர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. கை கட்டப்பட்டுவிடும்.

ஒன்று மட்டும்: 2019இல் கிறிஸ் பாலின் ஒப்பந்தத்தைச் சுமை என்றே ஹூஸ்டன் தள்ளிவிட்டது, கூடவே டிராஃப்டில் (புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) தனக்கிருந்த முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளையும் கொடுத்து. 2021இல் அவர் ஃபீனிக்ஸை இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனார். எனவே அந்த இரண்டாம் வீரர் இன்னும் ஆடக்கூடியவரா என்று ஆட்டங்களைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.